பிள்ளை ஆஸ்பத்திரியில், வீடு யார் பொறுப்பில்?

நள்ளிரவு தாண்டி மணி மூன்று. நாமக்கல் பக்கத்துச் சிற்றூர். தெரு முழுவதும் உறங்குகிறது. ஓட்டு வீடு ஒன்றில் மட்டும் விளக்கு எரிகிறது.

ஆறு வயதுச் சிறுவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். இரவு நன்றாகத்தான் சாப்பிட்டான். தரையில் பாய் விரித்து அக்காளுக்குப் பக்கத்தில் படுத்தான். இப்போது வயிறு வலிக்கிறது என்கிறான். சற்று நேரத்தில் அழுகை அடங்குகிறது. கண் இமை தானாகக் கீழே விழுகிறது. பேச்சு குழறுகிறது.

தகப்பனார் லாரி டிரைவர். வெங்காய லோடு ஏற்ற நாசிக் போயிருக்கிறார். வீட்டில் தாயும், பத்து வயதுப் பெண்ணும், இந்தப் பையனும்தான். தாய் ஓடிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.

"ஏனுங்க அக்கா! பையன் கண்ணைத் தொறக்க மாட்டேங்கிறானுங்க!"

நாலு பேர் கூடுகிறார்கள். "சூட்டு வலி. தொப்புளில் விளக்கெண்ணெய் வை" என்கிறது ஒரு குரல். "பயந்திருப்பான். விடிந்ததும் மந்திரித்துக் கயிறு கட்டலாம்" என்கிறது இன்னொரு குரல். மூன்றாவது குரல் ஒரு கிழவியுடையது. "எண்ணெயும் வேண்டாம், கயிறும் வேண்டாம். 108-க்குக் கூப்பிடுடா!" என்று தன் பேரனை அதட்டுகிறாள்.

இந்த மூன்றாவது குரல் எழுந்த தெருவில் அந்தப் பிள்ளை பிழைக்கும். எழாத தெருவில் பிழைப்பது சந்தேகமே.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அன்று. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இப்படித்தான் தெரிய வரும். அந்தப் பாம்பு இரவில் உலவும். தரையில் உறங்குகிறவர்களைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது. பல்லின் தடம்கூடத் தெரியாமல் போகலாம். வயிற்று வலி முதலில் வரும். பிறகு இமை சாயும். கடைசியில் மூச்சு விடும் தசைகள் தளர்ந்து போகும். பாம்பைப் பார்த்தவர் எவரும் இல்லாததால், பிள்ளைக்கு என்ன வந்தது என்றே வீட்டாருக்கு விளங்காது.

பாம்புக்கடி ஓர் உதாரணம்தான். ஜுரத்தில் வரும் வலிப்பு, மண்ணெண்ணெய் குடித்த குழந்தை, கொதிக்கும் குழம்பு கொட்டிய கை, சாலையில் மோதிய மோட்டார் சைக்கிள் என்று ஆபத்துக்குப் பல முகங்கள் உண்டு. எந்த முகத்தோடு வந்தாலும் அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஐந்து நிமிஷத்தில் ஒரு குடும்பத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறது.

பிள்ளைக்கு வைத்தியம் செய்ய டாக்டர் இருக்கிறார். பிள்ளையைப் பெற்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? அந்தப் பொறுப்பு அண்டை அயலாரையும் உற்றார் உறவினரையும் சேர்ந்தது. அதை எப்படிச் செய்வது என்பதை யாரும் யாருக்கும் கற்றுக் கொடுப்பதில்லை. அதனால்தான் நல்ல மனம் படைத்தவர்களும் பல சமயம் உபத்திரவமாக முடிந்து விடுகிறார்கள்.

முதல் அரை மணி

முதல் அரை மணியில் வேண்டியது வேலைப் பங்கீடு. கூடி நிற்கும் இருபது பேரால் ஆகாத காரியம், ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்ட நாலு பேரால் ஆகும்.

ஒருவர் 108-க்குப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்த ஆம்புலன்ஸ் இலவசமாக ஓடுகிறது. பேசுகிறவர் பதறாமல் ஊர், தெரு, அருகில் உள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடம், பிள்ளையின் வயது, நடந்தது என்ன என்பதை வரிசையாகச் சொல்ல வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் போதும் என்று சொல்லும் வரையில் போனை வைக்கக் கூடாது.

இன்னொருவர் டார்ச் விளக்கோடு மெயின் ரோட்டு முனைக்குப் போய் நிற்க வேண்டும். சந்து பொந்துகளில் வீடு தேடி வண்டி சுற்றும் நேரம் பிள்ளையின் ஆயுளிலிருந்து கழிகிற நேரம். வழியை மறித்து நிற்கும் மாட்டு வண்டியையும் டிராக்டரையும் அவரே ஓரங்கட்டச் சொல்லலாம்.

மூன்றாமவர் ஒரு பையை எடுத்து, குடும்ப அட்டை, ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, பிள்ளையின் பழைய மருந்துச் சீட்டுகள், போன் சார்ஜர், தாய்க்கு ஒரு மாற்றுப் புடவை, ஒரு போர்வை, கொஞ்சம் சில்லறை ஆகியவற்றைப் போட வேண்டும். பிள்ளை எதையாவது விழுங்கியிருந்தால் அந்தப் புட்டியையோ அட்டையையோ அப்படியே எடுத்து வைக்க வேண்டும். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

நாலாமவர் தாயின் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. அவளோடு வண்டியில் ஏற வேண்டியவரும் அவரே. அழுகிறவருக்குத் துணையாக இன்னொரு அழுகிறவரை அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை. திடமான ஆள் ஒருவர் போனால் போதும்.

வேண்டாத வைத்தியம்

ஆம்புலன்ஸ் வரும் வரையில் செய்ய வேண்டியது கொஞ்சம். செய்யக் கூடாதது அதிகம்.

பாம்பு கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டக் கூடாது. கத்தியால் கீறக் கூடாது. வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. பிள்ளையை நடக்க விடாமல், கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆறுதலாகப் பேசிக்கொண்டு கொண்டு போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு பாம்புகளின் விஷத்துக்கும் ஒரே மாற்று மருந்து நம் நாட்டில் உண்டு. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருக்கிறது அந்தச் சங்கம். தமிழக அரசு 2024-ஆம் ஆண்டில் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மந்திரக் கயிற்றுக்குக் காத்திருப்பது வீண்.

மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே பெரிய ஆபத்து.

தீக்காயத்தின்மேல் மையும் மாவும் பற்பசையும் பூசக் கூடாது. குழாய்த் தண்ணீர் இருபது நிமிஷம் அதன்மேல் ஓடட்டும். அதுவே முதல் வைத்தியம்.

ஜுரத்தில் வலிப்பு கண்ட பிள்ளையின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டாம். பல்லுக்கு இடையே கரண்டியை நுழைக்கவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடுப்பைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் அந்த விவரம் டாக்டருக்கு முக்கியம். வலிப்பு முதல் தடவை வந்ததானால், தானாக நின்றாலும் டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும்.

கிணற்றிலிருந்து எடுத்த பிள்ளையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அதனால் நுரையீரலில் உள்ள நீர் வெளியே வராது. நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதும், மார்பை அழுத்துவதுமே வழி. அதைப் பழகிய ஒருவராவது ஊருக்கு ஊர் இருக்க வேண்டாமா? இளைஞர் மன்றங்கள் கபடிப் பந்தயம் நடத்தட்டும். வருஷத்தில் ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிக்கும் ஒதுக்கட்டும்.

சாலை விபத்தாக இருந்தால் "போலீஸ் கேஸாகிவிடும்" என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதிப்படுத்தியது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயரைச் சொல்லும்படிகூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில்

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை போய்ச் சேர்ந்தாயிற்று. செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தியாயிற்று. கட்டுவிரியன் விஷம் தாக்கிய பிள்ளை சில சமயம் பல நாட்கள் அந்தக் கருவியின் தயவில் கிடக்கும். பார்க்கிறவருக்கு உயிரே இல்லாததுபோலத் தோன்றும். ஆனால் தசைகள் மெல்ல மெல்லத் தெளிந்து, பழையபடி எழுந்து நடக்கும் பிள்ளைகள் பலர்.

இங்கேதான் ஒரு பெரிய அபாயம் இருக்கிறது. இரண்டு நாள் போனதும், "கண்ணே திறக்கவில்லை, இனி என்ன இருக்கிறது? வீட்டுக்குக் கொண்டு போய்விடலாம்" என்று சொல்ல உறவில் ஒருவர் வருவார். கையில் காசு கரைந்திருக்கும். மனம் சோர்ந்திருக்கும். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, கருவியைக் கழற்றி, பிழைக்கக் கூடிய பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம். அந்தச் சமயத்தில், "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்வோம்" என்று சொல்லும் ஒரு நிதானமான மனிதர் அருகில் இருந்தால், அவர் செய்யும் உதவிக்கு ஈடே இல்லை.

டாக்டர் சொல்வது பெற்றவர்கள் காதில் விழும், மனத்தில் பதியாது. அதிர்ச்சியின் இயல்பு அது. ஆகவே கூட இருப்பவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுதிக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு என்ன? இப்போது என்ன செய்கிறார்கள்? அடுத்து எதை எதிர்பார்க்க வேண்டும்? மறுபடி யாரை, எத்தனை மணிக்குப் பார்க்கலாம்? இந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தால், நாசிக்கிலிருந்து லாரியை ஓரம் கட்டிவிட்டு ரயிலேறி வருகிற தகப்பனாருக்கு விவரம் சொல்லலாம். ஊரில் வதந்தி பரவுவதையும் தடுக்கலாம்.

ஊருக்குச் சேதி சொல்வதற்கும் ஓர் ஆளை ஏற்படுத்திவிட வேண்டும். தாயின் போன் நிமிஷத்துக்கு ஒரு தடவை அடித்தால் அவள் எத்தனை பேருக்குத்தான் அதே கதையை அழுதுகொண்டே சொல்வாள்? "யாருக்கு விவரம் வேண்டுமானாலும் இவரைக் கேளுங்கள்" என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அவளுக்கு அதுவே பாதி ஓய்வு.

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கூட்டம் கூடாது என்பது டாக்டர்கள் தங்கள் சௌகரியத்துக்காகப் போட்ட சட்டம் அன்று. நோய்க் கிருமி உடையோடும் கையோடும் போகும். ஒரு வேன் நிறைய ஜனங்கள் ஆரஞ்சுப் பழத்தோடு போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டால், தாய் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கும் நிலைமை ஏற்படுகிறது! அந்த வேன் வாடகையை அவள் கையில் கொடுத்திருந்தால் நாலு நாள் சாப்பாட்டுக்கு ஆகுமே?

வீட்டில் இருக்கும் மற்றொரு பிள்ளை

எல்லாருடைய கண்ணும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. வீட்டில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாளே, அவளை நினைத்தவர் யார்?

தம்பி அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தான். சுவரோரம் தான் படுத்துக்கொண்டு அவனை வாசல் பக்கம் படுக்க விட்டது அவள்தான். இரவெல்லாம் அவள் மனத்தில் ஓடுவது ஒன்றுதான்: "என்னால்தான் தம்பிக்கு இப்படி." இதை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். குழந்தைகள் வீட்டில் நேர்ந்த கேட்டுக்குத் தங்களையே காரணமாக எண்ணிக்கொள்வது சகஜம்.

அவளைப் பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டில் படுக்க வைத்துக்கொள்ளட்டும். "தம்பியைப் பாம்பு கடித்துவிட்டது. டாக்டர் மருந்து கொடுக்கிறார். நீ ஒரு தப்பும் செய்யவில்லை" என்று நேராகச் சொல்லட்டும். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று மழுப்பினால் அவள் நம்ப மாட்டாள். மறுநாள் காலையில் தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். வகுப்பு ஆசிரியையிடம் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். வழக்கமான வேலை நடந்துகொண்டிருந்தால் குழந்தைக்கு உலகம் இடிந்துவிடவில்லை என்ற தைரியம் பிறக்கும்.

வீடு என்பது அந்தப் பெண் மட்டுமன்று. கொட்டிலில் மாடு இருக்கிறது. வேளைக்குப் பால் கறக்க வேண்டும்; கறந்த பாலைச் சொசைட்டியில் ஊற்ற வேண்டும். கரண்ட் பில்லுக்குக் கெடு நெருங்குகிறது. ரேஷன் கடையில் அரிசி போடுகிறார்கள். மகளிர் குழுத் தவணை வெள்ளிக்கிழமை. தாய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இவை ஒவ்வொன்றையும் எண்ணிப் பெருமூச்சு விடுகிறாள்.

"ஏதாவது வேண்டுமானால் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போவது மிக எளிது. சொல்கிறவர் மனத்தில் கள்ளம் இல்லை. ஆனால் துயரத்தில் இருப்பவள் வாய் திறந்து கேட்க மாட்டாள். கேட்கும் தெம்பும் அவளுக்கு இல்லை. "மாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், பால் பணத்தை எழுதி வைக்கிறேன்" என்று ஒருவர் சொல்லட்டும். "ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு, ஏழு மணி பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன்" என்று இன்னொருவர் சொல்லட்டும். உதவிக்குப் பெயரும் நேரமும் இருக்க வேண்டும். அப்போதுதான் அது உதவி.

மொய் நோட்டு

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குப் பணம் இல்லை. ஆனால் வைத்தியத்தைச் சுற்றிச் செலவு இருக்கிறது. பஸ், ஆட்டோ, சாப்பாடு, போன், எல்லாவற்றுக்கும் மேலாக இழந்த கூலி! தகப்பன் வண்டி ஏறாத நாளுக்குச் சம்பளம் இல்லை. தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலோ கேட்கவே வேண்டாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டு வருமானம் குறிப்பிட்ட வரம்புக்கு மேற்படாத குடும்பங்களுக்கென்று ஏற்பட்டது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரையில் பயன் உண்டு. சாலை விபத்துக்கு வேறொரு திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்படி, அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். மில்லிலும் தொழிற்சாலையிலும் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவரின் குடும்பத்துக்கும் வைத்திய வசதி உண்டு. படித்தவர் ஒருவர் அட்டையை எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு அலுவலரைக் கண்டு பேசினால், அதுவே ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்ததற்குச் சமம். படிப்பறிவை இதைவிட நல்ல காரியத்துக்குச் செலவிட முடியாது.

இதைச் செய்ய ஆளில்லாத வீட்டுக்குத்தான் வட்டிக்காரர் வந்து சேருகிறார். கந்து வட்டியும் மீட்டர் வட்டியும் 2003-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். ஆனாலும் பிள்ளை உயிருக்கு மன்றாடும் நேரத்தில் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பவர் யார்? பத்து நாளில் பிள்ளை குணமாகி வந்துவிடுகிறது. கடன் பத்து வருஷம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கடனுக்காக அக்காள்காரி பள்ளிக்கூடத்தை விட்டு நின்று பஞ்சாலைக்குப் போகிறாள். பாம்பு கடித்தது தம்பியை; விஷம் ஏறியது அக்காளுக்கு!

தமிழ்நாட்டில் இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. அதன் பெயர் மொய். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மேஜை போட்டு நோட்டு வைத்து எழுதுகிறோம். பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் ஆடி மாதம் மொய் விருந்தென்றே ஒன்று நடத்திப் பெரிய தொகைகளைத் திரட்டுகிறார்கள். மொய்யின் அழகு அது பிச்சையல்ல என்பதுதான். வாங்கினவர் தலை நிமிர்ந்து வாங்குகிறார். கொடுத்தவருக்கு ஒரு நாள் திரும்பிச் செய்கிறார். கல்யாணப் பந்தலுக்கு எழுதுகிற அந்த நோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவுக்கும் ஏன் எழுதக் கூடாது? ஒரு தெருவில் ஐம்பது வீடு. வீட்டுக்கு 200 ரூபாய் என்றாலும் 10,000 ரூபாய் சேர்ந்துவிடும். ஒரு வாரச் செலவை அது தாங்கும். வட்டிக்காரரை வாசலோடு நிறுத்தும்.

1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழகம் முழுவதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. ஆபத்துக்கென்று ஒரு சிறு தொகையைக் குழுவில் தனியாக ஒதுக்கி வைத்து, கூட்டம் கூடாமலே இரண்டு கையெழுத்தில் எடுத்துக் கொடுக்க வழி செய்துவிடலாம். ராத்திரி மூன்று மணிக்குத் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்க முடியாதல்லவா?

வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டு உதவி கேட்பது இப்போதைய வழக்கம். அதில் எச்சரிக்கை வேண்டும். குழாய் சொருகிய பிள்ளையின் முகம் ஊர் ஊராகப் போவதை எந்தத் தாயும் விரும்ப மாட்டாள். அந்தச் சேதியோ பிள்ளை பெரியவனாகிக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும்! கேட்பவர் யார், பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில், பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது.

கேட்காமல் கொடுக்கும் இரத்தம்

விபத்திலும் அறுவைச் சிகிச்சையிலும் இரத்தம் தேவைப்படும். ஒரு காலத்தில் இரத்தத்தை விலைக்கு விற்கிறவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பார்கள். உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் வருஷத் தீர்ப்பினால் அந்த வியாபாரம் 1998-ஆம் வருஷத் தொடக்கத்திலிருந்து ஒழிக்கப்பட்டது. ஆகவே இன்று இரத்தம் மனிதர் மனமுவந்து தந்தால்தான் உண்டு. 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள ஆரோக்கியமானவர் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும், பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு தடவையும் கொடுக்கலாம். டிரைவர் வேலைக்குப் போகும் நாலு இளைஞர்கள் தங்கள் இரத்தப் பிரிவை எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டி வைத்தால், அது அந்த ஊருக்கே ஒரு சொத்து.

நாக்கில் இருக்கும் விஷம்

பணம் கொடுக்க முடியாதவர் இருக்கலாம். ஆள் துணைக்குப் போக முடியாதவர் இருக்கலாம். நாக்கை அடக்க முடியாதவர் இருக்கக் கூடாது.

"நீ கொஞ்சம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதா?"

"தரையில் ஏன் படுக்க வைத்தாய்?"

"எங்கள் ஊரிலும் ஒரு பையனை இப்படித்தான் கடித்தது. மூன்றாம் நாள் போய்விட்டான்."

இவற்றைச் சொல்கிறவர் கெட்டவர் அல்லர். ஆனால் கேட்கிற தாய்க்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு கடி. கட்டில் வாங்க வசதி இருந்தால் அவள் தரையில் படுக்க வைத்திருப்பாளா? குற்றம் கண்டுபிடிப்பதால் பிள்ளையின் மூச்சு சீராகப் போவதில்லை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பழி சொல்லிக்கொண்டு மனம் பிரிவதற்கு அது விதை போடுகிறது. "நீ உடனே கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று" என்ற ஒரு வார்த்தை போதும். அது உண்மையும்கூட. வேறு ஒன்றும் பேசத் தெரியாவிட்டால் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். அதற்கும் மதிப்பு உண்டு.

பத்து நாள் கழித்து

முதல் மூன்று நாள் ஊரே வரும். பத்தாம் நாள் ஒருவரும் வர மாட்டார்கள். உண்மையான கஷ்டம் அப்போதுதான் ஆரம்பமாகிறது.

பிள்ளை வீடு வந்துவிட்டான். ஆனால் மறுபரிசோதனைக்கு நாற்பது மைல் போக வேண்டும். தகப்பன் வேலையை விட்டு வந்ததால் முதலாளி வேறு ஆளை வைத்துக்கொண்டிருக்கலாம். தாய்க்கு ராத்திரித் தூக்கம் இல்லை. பாயில் சுருக்கம் தெரிந்தால்கூடத் திடுக்கிட்டு விழிக்கிறாள். ஒரு மாதத்துக்கும் மேலாக இது நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அவளையும் காட்ட வேண்டும். மனத்தின் காயமும் காயம்தான்.

2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் மாண்டபோது நாடே அழுதது. அன்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு தெருவில், ஒரு வீட்டில், ஒரு பிள்ளைக்கு வருகிற ஆபத்தைப் பத்திரிகை எழுதாது. தலைவர்கள் வந்து பார்க்க மாட்டார்கள். அதைப் பார்க்க வேண்டியது பக்கத்து வீடுதான்.

எத்தனை முயன்றாலும் சில பிள்ளைகள் திரும்புவதில்லை. அந்த வீட்டுக்கும் இதே கடமைகள் உண்டு. இன்னும் அதிகமாக உண்டு. "விதி" என்றும், "இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம்" என்றும் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லத் தயங்கவும் கூடாது. பெயரைக் கேட்டால் தாய் அழுவாள். பெயரையே எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அதைவிட அதிகமாக அழுவாள்.

வாசலில் கோலம்

நாமக்கல் பக்கத்து அந்தத் தெருவுக்கே திரும்பிப் போகலாம்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஆட்டோ வந்து நிற்கிறது. பையன் மெலிந்திருக்கிறான். தகப்பன் தோளில் சாய்ந்திருக்கிறான். ஆனால் கண் திறந்திருக்கிறது. தாய் இறங்கித் தன் வீட்டு வாசலைப் பார்க்கிறாள்.

பன்னிரண்டு நாள் பூட்டிக் கிடந்த வீட்டு வாசல் எப்படி இருக்கும் என்று அவள் பயந்துகொண்டே வந்தாள். கோலம் இல்லாத வாசல் எதற்கு அடையாளம் என்பது தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் வாசல் தெளித்திருக்கிறது. கோலம் போட்டிருக்கிறது. திண்ணை மூலையில் 108-க்குக் கூப்பிடச் சொன்ன கிழவி உட்கார்ந்திருக்கிறாள். அவள் கை விரல்களில் கோலமாவு வெள்ளையாக ஒட்டியிருக்கிறது.

"தினமும் போட்டேன் ஆத்தா. நீ வந்துடுவேன்னு தெரியும்" என்கிறாள்.

அந்தக் கோலத்துக்கு ஒரு கைப்பிடி மாவுதான் செலவு. ஆனால் அது அந்தக் குடும்பத்துக்குச் சொன்ன சேதி பெரியது: நீங்கள் இல்லாதபோதும் இந்த வீடு தனியாக இருக்கவில்லை.

ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒரு கிழவி இருக்க வேண்டும். இல்லாத தெருவில் யாராவது ஒருவர் அந்த இடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு வயது ஒரு தடையன்று.